கிளட்ச் மிதிக்கணுமா, விடணுமா? ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த கியர்பாக்ஸ்

(எங்கள் பாட்காஸ்டின் இந்த வாரப் பகுதி, எழுத்து வடிவில். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

போன வாரம் நம்ம திருவண்ணாமலையிலிருந்தே ஒரு நேயர் போன் பண்ணினார். வயது 52. தேரடி வீதிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். "தம்பி, இருபது வருஷமா ஆசைப்பட்டு இப்பதான் ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கப் போறேன். பணம் தயார். கலர் கூட முடிவு பண்ணியாச்சு. ஒரே விஷயத்துலதான் மாட்டிக்கிட்டேன். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?" என்றார்.

"இதுல என்னண்ணே குழப்பம்?" என்று கேட்டேன். அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. அவருக்கு இடது முழங்கால் தேய்மானம். மனைவி கார் ஓட்டுவார், ஆனால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அம்மாவுக்கு 78 வயது, மாதம் ஒருமுறை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும். மகள் தாம்பரம் பக்கம் படிக்கிறாள், அங்கேயும் போய் வரணும். வீட்டில் ஒரே கார், ஒரு பழைய மேனுவல் ஸ்விஃப்ட். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுத்தான் புதுசு. கடைசியில், "ஆனா தம்பி, ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோமேட்டிக்ல வாங்கினா கடைப் பசங்க சிரிப்பானுங்க" என்று ஒரு வரி சொன்னார். அந்தச் சிரிப்பிலிருந்தே ஆரம்பிப்போம்.

ரேஸ் ஓட்டுறவங்க என்ன ஓட்டுறாங்க?

ரேஸ் ஓட்டுறவங்க எல்லாம் மேனுவல்தான் ஓட்டுவாங்க என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மையில் பந்தய உலகம் அதை எப்போதோ தாண்டிப் போய்விட்டது. 1989 பிரேசில் கிராண்ட் பிரியில் ஃபெராரி 640 என்ற கார் ஓடியது. ஜான் பார்னார்ட் வடிவமைத்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள், அதாவது பேடில். ஒன்றைத் தட்டினால் கியர் ஏறும், இன்னொன்றைத் தட்டினால் இறங்கும். நைஜல் மான்செல் அதை ஓட்டி, அந்த காரின் முதல் போட்டியிலேயே ஜெயித்தார். சில வருடங்களில் மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்துவிட்டன.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? நரேன் கார்த்திகேயன் முதலில் போட்டியில் ஓட்டியது ஃபார்முலா மாருதி. கோவை கரிவரதன் மாருதி என்ஜினை வைத்து உருவாக்கிய சின்ன பந்தயக் கார். கையால் கியர் போட வேண்டியது. அதே நரேன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் போனபோது கையில் இருந்தது பேடில்தான். அஜித் ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் ரேஸ் காரிலும் ஓட்டத்தில் கியர் மாற்றுவது பேடிலில்தான். அதனால் கடைப் பசங்க சிரித்தால் இதைச் சொல்லுங்க அண்ணே.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கணினியே தானாக கியர் மாற்றும் முழு ஆட்டோமேட்டிக்கும் ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன்னில் இருந்தது. 2004 சீசனிலிருந்து அதைத் தடை செய்துவிட்டார்கள். எப்போது மாற்றுவது என்பதை ஓட்டுநர்தான் முடிவு செய்ய வேண்டும், மாற்றும் வேலையை மட்டும் இயந்திரம் செய்யலாம்.

இன்றைக்கு நாம் பேசப்போகிற எல்லாத்துக்கும் சாவி இதுதான். கியர் மாற்றுவதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, எப்போது, எந்த கியர் என்று முடிவெடுப்பது. இரண்டு, அதைச் செய்து முடிப்பது. செய்து முடிப்பதில் மனிதனை இயந்திரம் ஜெயித்துவிட்டது. முடிவெடுப்பதில் இன்னும் முழுசாக ஜெயிக்கவில்லை. ஏனென்றால் முன்னால் வருகிற வளைவு உங்கள் கண்ணுக்குத் தெரியும், கியர்பாக்ஸுக்குத் தெரியாது.

அப்போ மேனுவலை ஏன் இன்னும் விற்கிறாங்க?

2013-ல் போர்ஷே தன் 911 ஜிடி3-யை பிடிகே என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது. வேகம் அதிகம், குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் ரசிகர்கள் மத்தியில் பெரிய புலம்பல். 2016-ல் 911 ஆர் என்று ஒரு மாடல் வந்தது. மொத்தமே 991 கார், எல்லாமே மேனுவல். கைமாறும் சந்தையில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. 2017-ல் ஜிடி3-க்கே மேனுவல் திரும்ப வந்தது.

இத்தனைக்கும் மேனுவல்தான் மெதுவானது. அடுத்த தலைமுறை ஜிடி3-யில் பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிடிகே-க்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. மேனுவல் 17 கிலோ எடை குறைவு, அப்படியும் அரை விநாடி பின்தங்குகிறது. இந்தியாவில் 2023-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்2-விலும் இதே கதை. ஆட்டோமேட்டிக் 4.1 விநாடி, மேனுவல் 4.3. வேடிக்கை என்னவென்றால், அறிமுகமானபோது மேனுவல் வேண்டுமென்றால்தான் ஒரு லட்ச ரூபாய் கூடுதல்!

மெதுவான ஒன்றுக்கு யாராவது அதிகப் பணம் கொடுப்பார்களா? கொடுக்கிறார்கள். அவர்கள் வாங்குவது அந்த வேலையை. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துக்கொண்டே கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி என்ஜின் வேகத்தை ஏற்றி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வண்டி குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும் பாருங்க, அந்த ஒரு விநாடி. அது சரியாக வந்தால் நீங்கள் செய்தது, தப்பாக வந்தாலும் நீங்கள் செய்தது. சமைக்கத் தெரிந்தவருக்கு ஓட்டல் சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் கை பரபரக்கும் இல்லையா, அது மாதிரி.

ஆட்டோமேட்டிக் என்ற பெயருக்குள் நாலு வகை

"ஆட்டோமேட்டிக்" என்று ஷோரூமில் சொன்னால் உடனே தலையாட்டாதீங்க. எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்க.

முதலாவது, ஏஎம்டி. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு மோட்டார் செய்யும். விலை குறைவு. ஆனால் கியர் மாறும்போது இழுவை ஒரு நொடி அறுந்து, தலை முன்னால் ஆடும். ஸ்போர்ட்ஸ் வண்டிக்குப் பொருந்தாது.

இரண்டாவது, சிவிடி. பெல்ட்டும் கப்பியும். மென்மையானது. ஆனால் மிதித்தால் என்ஜின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். இதுவும் நம்ம பேச்சுக்கு வெளியே.

மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டர். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய். ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரில் இன்னொன்றை வைத்தால், காற்றடித்தே இரண்டாவதும் சுற்றும் இல்லையா? அதே தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். நகர்ந்து நகர்ந்து போகும் நெரிசலில் தட்டோடு தட்டு உரசுவது இல்லை என்பதால் தேய்மானம் குறைவு. எம்2-வில் இருக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக் இந்த வகைதான்.

நான்காவது, இரட்டை கிளட்ச். டிசிடி என்பார்கள், ஃபோக்ஸ்வேகன் காரர்கள் டிஎஸ்ஜி என்பார்கள். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று 2, 4, 6-ஐ. நீங்கள் மூன்றாவதில் போகும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதனால்தான் அந்த வேகம். நம்ம ஊரில் கைக்கு எட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 1.5 லிட்டர் டர்போ என்ஜின் வைத்த ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி இரண்டிலுமே 7 கியர் இரட்டை கிளட்ச்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவுதானே, இதெல்லாம் சேர்த்தியா என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரே வண்டியில் அம்மாவையும் ஏற்றணும், மலையும் ஏறணும் என்றால் இந்த வகைதான் நடக்கும். விர்டஸ் ஜிடியின் 150 குதிரைத்திறன், நம்ம ரோட்டுக்கு மிச்சம்தான் வரும்.

இந்த இரண்டு வண்டியிலும் இருப்பது உலர்ந்த கிளட்ச். அதாவது எண்ணெயில் மூழ்காதது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் சூட்டை எண்ணெய்க்குக் கொடுத்துவிடும். உலர்ந்தது காற்றை நம்பித்தான் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது நீங்கள் மேனுவலில் ஹாஃப் கிளட்ச் பிடிக்கிறீர்களே, அதையே இங்கே கணினி பிடிக்கிறது. உரசல் அதே உரசல், சூடும் அதே சூடு.

சூடு கியர்பாக்ஸை எப்படிப் படுத்தும் என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களை, இதே 7 கியர் டிஎஸ்ஜிக்காகத் திரும்ப அழைத்தது. வெயிலும் ஈரப்பதமும் அதிகமான ஊர்களில், நின்று நின்று ஓட்டும்போது, உள்ளே இருந்த செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்று, அதை எடுத்துவிட்டு கனிம எண்ணெய் ஊற்றினார்கள். அது அன்றைய எண்ணெய்க் கோளாறு, இன்றைய வண்டியைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. வெயிலும் நெரிசலும் சேர்ந்தால் கியர்பாக்ஸ் என்ன பாடுபடும் என்பதற்காகச் சொல்கிறேன். வெயிலும் நெரிசலும் நமக்குத் தெரியாததா?

நம்ம ரோட்டில் வைத்துப் பார்ப்போம்

முதலில் ஊருக்குள். பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினாலும், உள்ளூர்க்காரர் வீட்டுக்குப் போய்த்தானே ஆகணும்? ஆட்டோ, மாட்டு வண்டி, நடந்து போகிறவர்கள் நடுவில் நடை வேகத்தில் ஒரு மணி நேரம். மேனுவலில் இடது கால் நூறு, இருநூறு முறை இறங்கி ஏறும். தேய்ந்த முழங்காலுக்கு இது விளையாட்டு இல்லை. இரட்டை கிளட்சில் கால் தப்பிக்கும், சூடு கியர்பாக்ஸுக்குப் போகும். டார்க் கன்வெர்ட்டர் மட்டும்தான் அலட்டிக்கொள்ளாது.

இரட்டை கிளட்ச் வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்க. முன்னால் இருக்கும் வண்டி அரை அடி நகர்ந்ததும் நீங்களும் அரை அடி நகராதீங்க. இரண்டு வண்டி இடைவெளி விழட்டும். அப்புறம் ஒரேயடியாகப் போய், பிரேக்கை அழுத்தி முழுசாக நில்லுங்க. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. திரையில் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்க.

அடுத்து சென்னை ரோடு. செஞ்சி, திண்டிவனம் வரை ஒரு மாதிரி. பஸ், டிராக்டர், கரும்பு லாரி, இதையெல்லாம் தாண்டணும். இங்கே ஓவர்டேக்தான் உயிர்ப் பிரச்சினை. மேனுவலில் நான்கிலிருந்து மூன்றுக்கு நீங்கள் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டு, இடைவெளி கிடைத்ததும் திடீரென்று மிதித்தால், அது யோசித்து கியர் இறக்கி, டர்போ ஊதி, இழுக்க ஒரு கணம் ஆகும். எதிரில் பஸ் வரும்போது அந்தக் கணம் ரொம்ப நீளம். அதனால் வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இடது பேடிலைத் தட்டி கியரை இறக்கி வைத்துக்கொள்ளுங்க. முடிவு உங்களுடையது, செய்வது மட்டும் இயந்திரம். ஃபார்முலா ஒன் விதி செஞ்சி ரோட்டுக்கும் பொருந்தும். திண்டிவனம் தாண்டினால் பரனூர் டோல், பெருங்களத்தூர் நெரிசல். அங்கே மறுபடி ஆட்டோமேட்டிக்குக்குத்தான் ஓட்டு.

மூன்றாவது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர், செங்கம், திருப்பத்தூர் வழியாக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு. ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு வாங்கினோம் என்பதற்கு இந்த ரோடுகள்தான் பதில். ஏறும்போது இரண்டு வகையும் சுகம்தான். இறங்கும்போதுதான் வித்தியாசம். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகாது. மேனுவலில் இது இயல்பாக வரும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டு இறங்கினால், பெட்ரோலை மிச்சம் பண்ணுகிறேன் என்று மேல் கியருக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். கடைசி வளைவுகளில் பிரேக் சூடாகி, மிதித்தும் பிடிக்காமல் போகலாம். ஆகவே மலையில் மேனுவல் மோடு, இரண்டாவது கியர். பேடில் இருப்பது அழகுக்கு இல்லை.

காசு கணக்கு

விர்டஸ் ஜிடி மாதிரி வண்டியில் ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மாற்றினால் முடிந்தது. நம்ம ஊர் நல்ல மெக்கானிக்கே செய்துவிடுவார். இரட்டை கிளட்சில் கோளாறு என்றால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகணும், பில்லும் பெருசாக வரும். அதனால் ஆட்டோமேட்டிக் எடுத்தால் நீட்டித்த வாரண்டியையும் சேர்த்தே எடுங்க. சீட் கவரில் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

அண்ணனுக்கு என்ன சொன்னேன்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆட்டோமேட்டிக் எடுங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, கிளட்ச் மிதிக்க எனக்கு இன்னும் அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ. அறுபதுக்கு மேல ஆட்டோமேட்டிக் எப்ப வேணா வாங்கலாம். மேனுவலை இப்ப விட்டா எப்ப ஓட்டறது?"

என்கிட்ட பதில் இல்லை. நியாயமான கேள்வி. வேகம், விலை, நெரிசல் எல்லாம் கணக்குப் போட்டேன், இதைப் போடவில்லை. நீங்களும் தனி ஆள், முழங்கால் நல்லா இருக்கு, ஓட்டுவது பெரும்பாலும் வெளி ரோடு என்றால் யோசிக்காமல் மேனுவல் எடுங்க. அதைவிட நல்ல நேரம் வராது.

ஆனால் அண்ணன் வீட்டில் ஒரே கார். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அன்றைக்கென்று பார்த்து அவர் முழங்கால் வீங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. வாசலில் நிற்கிற மேனுவலை அண்ணியால் எடுக்க முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே வண்டியை வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லாரும் எடுக்க முடியணும். அதற்கு அப்புறம்தான் ஆசை.

"அந்தப் பழைய ஸ்விஃப்டுக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன கொடுக்கிறாங்க?" என்று கேட்டேன். சொன்ன தொகை, புது வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. "அதைக் கொடுக்காதீங்கண்ணே" என்றேன். "புதுசை ஆட்டோமேட்டிக்ல எடுங்க. ஸ்விஃப்டுக்கு நல்ல டயர் போட்டு, கிளட்ச் மாத்தி, இன்சூரன்ஸ் கட்டி வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி போளூர் வழியா ஜவ்வாது மலை ஏறுங்க. லேசான வண்டி, கையில கியர், ரோட்டில் ஆள் இல்லை. அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான்."

சிரித்தார். ஒரு நிபந்தனை போட்டேன்: முழங்கால் டாக்டரிடம் கிளட்ச் விஷயத்தை வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் மலை. சரி என்றார்.

உங்களில் யாராவது இதே குழப்பத்தில் இருந்தால், ஒரே ஒரு வேலை செய்யுங்க. டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காலை பத்து மணிக்கு பைபாஸில் கூட்டிப்போவார். அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சாயந்திரம் ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டத்தில் ஓட்டிக் கேளுங்க. ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுங்க. ரிவர்ஸில் ஒரு சரிவு ஏற்றுங்க. மேனுவலும் ஆட்டோமேட்டிக்கும் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டுங்க. வீட்டில் யாரெல்லாம் ஓட்டுவார்களோ அவர்களையும் ஓட்டச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் இடது கால் என்ன சொல்கிறது என்று கேளுங்க. அது பொய் சொல்லாது.

அடுத்த வாரம் டயர் பற்றிப் பேசுவோம். அண்ணன் அதற்குள் வண்டி எடுத்திருந்தால் அவரையே பேச வைக்கிறேன். பார்த்து ஓட்டுங்க. வணக்கம்.